தியானச் சாயல் கொண்ட தனிப் பியானோ ஜாஸ் ஆல்பத்தை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கங்களில் வாழும் தமிழர்களில் கச்சேரி கேட்டுக் காது பழகியவர்கள் ஏராளம். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரும் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரும் பிறந்த மண் என்பதால், பாட்டைக் கேட்டதும் அதில் விஷயம் இருக்கிறதா என்று பேசுவது இங்கே வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்ட பழக்கம். அந்தக் காதுகளோடு ஜாஸ் கேட்கத் தொடங்கியிருக்கும் சிலர் அவ்வப்போது ஒருவர் வீட்டில் கூடி, ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு விவாதிக்கிறோம். ஒருவர் மட்டும் பியானோவில் அமர்ந்து நிதானமாக வாசிக்கும் ஆல்பங்கள்தான் அந்தக் கூட்டங்களில் அதிகக் கருத்து வேறுபாட்டைக் கிளப்புகின்றன. ஒருவருக்கு ஆழமாகத் தோன்றுவது மற்றவருக்கு வெறும் இதமாகத் தோன்றுகிறது. அங்கே திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளையும் அவற்றுக்கு என்னுடைய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தனிப் பியானோ ஜாஸ் என்று எதைச் சொல்கிறோம்? அதில் தியானச் சாயல் எங்கிருந்து வந்தது?

ஜாஸ் குழுவில் வழக்கமாகப் பியானோவுக்குத் துணையாக டபுள் பேஸும் டிரம்ஸும் இருக்கும். அவை இரண்டும் இல்லாமல் தாளம், கீழ்ஸ்தாயி, சுரக்கூட்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), மெட்டு எல்லாவற்றையும் ஒருவரே இரண்டு கைகளால் சுமப்பதுதான் தனிப் பியானோ. ஆர்ட் டேட்டம், தெலோனியஸ் மங்க் போன்றவர்கள் இதை வெகு காலம் முன்பே செய்திருக்கிறார்கள். ஆனால் டேட்டத்தின் வாசிப்பு மின்னல் வேகமும் அலங்காரமும் கொண்டது.

இன்று நாம் பேசும் நிதானமான வகைக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் பில் எவன்ஸ். அதை ஒரு தனி ஆல்பமாகவே வளர்த்தெடுத்தது 1970களின் தொடக்கம். 1969இல் மியூனிக்கில் மான்ஃப்ரெட் ஐகர் தொடங்கிய ஈ.சி.எம். இசைப்பதிவு நிறுவனம், 1971இல் கீத் ஜாரெட்டின் ‘ஃபேசிங் யூ’, 1972இல் பால் பிளேயின் ‘ஓப்பன், டு லவ்’ ஆகியவற்றை ஆஸ்லோவில் பதிவு செய்தது. இடைவெளி மிகுந்த வாசிப்பு, நெடுநேரம் நிலைக்கும் மனநிலை, அவசரமின்மை ஆகியவை அதன் பிறகு ஒரு பாணியாகவே நிலைபெற்றுவிட்டன. பாணி நிலைபெற்றவுடன் அதைப் போலிசெய்வதும் எளிதாகிவிட்டது. எடைபோடும் அவசியமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் ஆல்பத்தில் விஷயம் இருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது?

முன்பு வாசித்ததற்குப் பின்பு வாசிப்பது கட்டுப்பட்டிருக்கிறதா என்பதையே நான் முதன்மையாகப் பார்க்கிறேன். நல்ல ஆலாபனையில் வித்வான் தொடக்கத்தில் ஒரு பிடியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். சற்று நேரம் கழித்து அதே பிடி இன்னொரு ஸ்தாயியில், இன்னொரு நீளத்தில் திரும்பி வரும்போது, முதலில் கேட்டது எதற்காக என்பது நமக்குப் புரியும். தனிப் பியானோவிலும் இதே எதிர்பார்ப்பு பொருந்தும். ஐந்தாவது நிமிடத்தில் ஒலிக்கும் சுரம் முதல் நிமிடத்தில் ஒலித்த ஏதோ ஒன்றுக்குப் பதிலாகவோ மறுப்பாகவோ விரிவாகவோ இருக்க வேண்டும். எந்த நிமிடத்தை வெட்டி எந்த நிமிடத்தோடு ஒட்டினாலும் வேறுபாடு தெரியாது என்றால், அந்த ஆல்பம் கேட்க எவ்வளவு இதமாக இருந்தாலும் அதில் கனம் குறைவு என்றே நான் சொல்வேன்.

மூவர் குழுவில் பியானோக்காரர் ஒரு கணம் திகைத்தாலும் டபுள் பேஸ் நடந்துகொண்டிருக்கும், டிரம்ஸ் காலத்தைக் காப்பாற்றும். தனியாக அமர்ந்தவருக்கு அந்த ஆதரவு கிடையாது. வேகமாக வாசித்தால் விரல் சாதுரியம் கொஞ்சம் மறைத்துவிடும். சௌக்க காலத்தில் வாசிப்பவருக்கு அதுவும் இல்லை. ஆகையால் மெதுவான வாசிப்பு எளிதான வாசிப்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். விளம்ப காலத்தில் ஒரு தீட்சிதர் கிருதியைத் தொய்வில்லாமல் பாடிக் காட்டுவது எத்தனை சிரமம் என்பது நம் ரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இடக்கை ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அது ஆழமா, சோம்பலா என்று எப்படிப் பிரித்தறிவது?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு விடை காண பில் எவன்ஸின் ‘பீஸ் பீஸ்’ என்ற ஒரே ஒரு உருப்படியை ஊன்றிக் கேட்டால் போதும். 1958 டிசம்பரில் பதிவான அது, ‘எவ்ரிபடி டிக்ஸ் பில் எவன்ஸ்’ என்ற ஆல்பத்தில் இடம்பெற்றது. அந்த ஆல்பம் பெரும்பாலும் மூவர் குழு வாசிப்பு. இந்த உருப்படியில் எவன்ஸ் தனியாக, ஆறரை நிமிடத்துக்குச் சற்று மேல் வாசிக்கிறார்.

இடக்கையில் இரண்டே சுரக்கூட்டுகள், நம் கீபோர்டு கலைஞர்கள் கார்ட் என்று சொல்கிறார்களே, அவை மாறி மாறி வருகின்றன. ஒன்று ஆதார ஷட்ஜத்தில் அமர்கிறது. மற்றொன்று பஞ்சமத்தின் மேல் எழுந்து, எங்கும் போய்ச் சேராமல் தொங்கி நின்று, மறுபடி ஆதாரத்துக்கு வருகிறது. ஏறக்குறைய உருப்படி முழுவதும் இடக்கை இந்த வேலையைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. வலக்கை முதலில் எளிய, குழந்தைகூடப் பாடக்கூடிய சிறு சொற்களோடு தொடங்குகிறது. மெல்ல மெல்ல அது மேல்ஸ்தாயிக்கு ஏறி, சிறு சிறு துள்ளல்களாக உடைந்து, நடுப்பகுதியைத் தாண்டும்போது இடக்கையின் சுருதிக்கு ஒவ்வாத சுரங்களைத் துணிந்து தொடுகிறது. முதல்முறை கேட்பவர்களில் சிலர் அந்த இடத்தில் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழே இடக்கை அசையாமல் இருப்பதால்தான் அந்த ஒவ்வாமைக்கு அர்த்தம் வருகிறது. வலக்கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அளக்க அசையாத ஒன்று வேண்டியிருக்கிறது. பிறகு வலக்கை தணிந்து, தொடக்கத்தின் எளிமைக்கே வந்து சேர்கிறது. இப்போது அதே எளிய சொற்கள் வேறாகக் கேட்கின்றன, ஏனென்றால் அவை எங்கே போய்விட்டு வந்தன என்பது நமக்குத் தெரியும்.

இடக்கை மாறாமல் இருக்கும்போது அதன்மேல் வலக்கை ஏதாவது ஆபத்தை எதிர்கொள்கிறதா என்பதுதான் சோதனை. வலக்கையும் அதே பாதுகாப்பான ஐந்து சுரங்களுக்குள் உலவிக்கொண்டு, ஒன்றுடனும் மோதாமல், கடைசியில் ஒலி குறைந்து நின்றுவிட்டால், அந்தச் சுழற்சி வெறும் தம்புரா வேலையை மட்டுமே செய்திருக்கிறது. தம்புராவை நாம் மதிக்கிறோம், ஆனால் அதையே கச்சேரி என்று சொல்வதில்லை. எவன்ஸ் இதே இடக்கைச் சுழற்சியின் சாயலை 1959இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தில் ஒரு குழு உருப்படிக்கும் கொண்டு சென்றார். இரண்டே சுரக்கூட்டுகளில் இன்னும் வாசிக்க வேண்டியது மிச்சம் இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

‘கொல்ன் கான்செர்ட்’ உண்மையிலேயே அவ்வளவு பெரிய படைப்பா?

1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஓப்பரா அரங்கில் கீத் ஜாரெட் இரவு பதினொன்றரை மணி அளவில் தொடங்கிய கச்சேரி அது. வீரா பிராண்டஸ் என்ற, வயதில் மிக இளைய பெண் ஏற்பாடு செய்தது. கேட்டிருந்த பெரிய பியானோவுக்குப் பதில், சிறிய, பழுதான ஒன்று மேடையில் இருந்தது. மேல்ஸ்தாயி மெலிந்து கீச்சிட்டது, கீழ்ஸ்தாயியில் வலுவில்லை, காலால் மிதிக்கும் பெடல்கள் சரியாக வேலை செய்யவில்லை. ஜாரெட் வாசிக்க மறுத்து, பிறகு இசைந்தார். விளைவாக அவர் பெரும்பாலும் நடுஸ்தாயியிலேயே தங்கி, இடக்கையில் அழுத்தமான சுழற்சிகளை அமைத்துக்கொண்டு வாசித்தார். பல லட்சம் பிரதிகள் விற்ற அந்த ஆல்பம் இந்தப் பாணிக்கே உலக முகவரியாகிவிட்டது.

என் மதிப்பீட்டில், 26 நிமிடம் நீளும் முதல் பகுதி நிச்சயம் பெரிய படைப்பு. ஒரு சிறு சொல்லிலிருந்து மெட்டு பிறப்பதும், அது சுழற்சிக்குள் புகுவதும், சுழற்சி தளர்ந்து தேவாலயக் கீதம் போன்ற சுரக்கூட்டுகளாக விரிவதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இரண்டாம் பகுதியில், ஒரே சுரக்கூட்டைச் சுற்றி நிமிடக்கணக்கில் உருளும் இடங்களில், தாளத்தின் ஊக்கம் மட்டுமே எஞ்சி, சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டதை நான் உணர்கிறேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இதை ஏற்பதில்லை. ஆல்பத்தின் புகழையும் அதன் ஒவ்வொரு நிமிடத்தின் தரத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன்.

ராகம் தெரிந்தவர்கள் இதைக் கேட்கும்போது ராகத்தைத் தேடலாமா?

தேடாமல் இருக்க நம்மால் முடியாது, தேடுவதில் தவறும் இல்லை. ஜாஸ் கலைஞர்கள் டோரியன் என்று சொல்லும் சுர வரிசை நம் கரஹரப்பிரியாவின் சுரங்களைக் கொண்டது. லிடியன் மேசகல்யாணிக்கும், மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதிக்கும், ஏயோலியன் நடபைரவிக்கும் நேராகின்றன. இவை தெரிந்தவருக்கு, வாசிப்பவர் எந்தச் சுர வரிசையில் நிற்கிறார், எப்போது அதைவிட்டு வெளியேறுகிறார் என்பது உடனே பிடிபடும். அது பெரிய அனுகூலம்.

ஆனால் பெயர் சொன்னதோடு மதிப்பீடு முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. டோரியனில் வாசிப்பவருக்குக் கரஹரப்பிரியாவின் ஜீவசுரங்களோ பிரயோகங்களோ கடமை ஆகாது. அவர் அந்நிய சுரம் போட்டால் அபசுரம் என்று ஒதுக்குவதற்குப் பதில், எந்தச் சுரக்கூட்டை நோக்கி அந்தச் சுரம் நம்மை இழுக்கிறது என்று கவனியுங்கள். ஜாஸில் நகர்வு பெரும்பாலும் சுரக்கூட்டுகளின் வழியாகவே நடக்கிறது. மெட்டு ஒரே இடத்தில் நிற்கும்போதுகூட அதன் அடியில் சுரக்கூட்டு மாறினால் அதே சுரத்தின் பாவம் மாறிவிடும்.

கமகம் இல்லாத வாத்தியத்தில் ஆழம் எங்கிருந்து வரும்?

பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். அதன் பிறகு அந்தச் சுரத்தை அசைக்கவோ வளர்க்கவோ வாசிப்பவரால் இயலாது. அது தேய்வதை மட்டுமே கேட்கலாம். வீணையில் ஒரே மீட்டில் இழுத்துக் காட்டும் வளைவு இங்கே சாத்தியமில்லை. ஆகவே பியானோக்காரரின் கலை வேறு மூன்று இடங்களில் குவிகிறது: எந்த அழுத்தத்தில் தட்டுகிறார், முந்தைய சுரம் எந்த அளவுக்குத் தேய்ந்த பிறகு அடுத்ததைத் தட்டுகிறார், பெடலை எப்போது மாற்றுகிறார்.

இதைக் கிட்டத்தில் கேட்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு மெதுவான உருப்படியில் நான்கைந்து சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தேர்ந்த கலைஞரின் கையில் அந்தக் கூட்டில் ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடச் சற்று முன்னே நிற்கும்; பெரும்பாலும் அது மேல் சுரமாக இருக்கும், சில சமயம் நடுவில் ஒளிந்திருக்கும். அடுத்த கூட்டிலும் முன்னே நிற்கும் சுரத்தைப் பிடித்துக்கொண்டே போனால், உள்ளே இன்னொரு மெட்டு ஓடுவது தெரியும். எல்லாச் சுரங்களும் ஒரே அழுத்தத்தில் விழுந்தால் அங்கே உள்மெட்டு கிடையாது. இடப்பக்கப் பெடலை மிதிக்கும்போது கிராண்ட் பியானோவின் சுத்தியல்கள் முழுவதும் சற்றே பக்கவாட்டில் நகர்ந்து, மூன்று கம்பிகளுக்குப் பதில் இரண்டையே தட்டும். ஒலி சிறிதாவதோடு நிறமும் மாறும். ஆல்பம் முழுவதும் அந்தப் பெடலை மிதித்தபடியே வாசித்துக் கிடைக்கும் மென்மைக்கும், விரலின் கட்டுப்பாட்டால் கிடைக்கும் மென்மைக்கும் உள்ள வேறுபாடு சில வாரங்கள் கேட்டால் காதுக்குப் பழகிவிடும்.

மௌனம் அதிகமாக இருந்தால் ஆழம் அதிகம் என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. பால் பிளேயின் ‘ஓப்பன், டு லவ்’ ஆல்பத்தில் மௌனம் மிக அதிகம். ஆனால் அங்கே ஒவ்வொரு மௌனத்துக்கும் முன்னால் விடை வேண்டி நிற்கும் ஒரு சுரம் இருக்கிறது. அவர் ஒரு சுரத்தைத் தட்டி அது ஏறக்குறைய அடங்கும்வரை விட்டுவிடுகிறார். அந்த இடைவெளியில் அடுத்து எது வரும் என்று நம் மனம் ஊகிக்கத் தொடங்குகிறது. வருவதோ ஊகித்தது ஆகாமலும், கேட்டவுடன் இதுதான் வர வேண்டும் என்று படும்படியும் அமைகிறது. கார்லா பிளே, அனெட் பீகாக் ஆகியோர் இயற்றிய உருப்படிகள் அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி. மெட்டு வலுவாக இருப்பதால் அவற்றை அவ்வளவு தூரம் பிரித்துப் போட்டாலும் தாங்குகின்றன.

நம் ஊர் உதாரணமாகப் பாலக்காடு மணி ஐயரையே சொல்லலாம். கீர்த்தனைக்கு வாசிக்கும்போது அவர் கையை எடுத்துவிடும் இடங்களில் தாளம் நின்றுவிட்டதாக யாருக்கும் தோன்றாது. அந்த இடத்தில் தாளம் இன்னும் கெட்டியாக நமக்குள் நடக்கும். பியானோவின் மௌனத்திலும் காலம் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் அது அடுத்து என்ன வாசிப்பது என்று தெரியாத இடைவெளியாக இருக்கக்கூடும்.

பதிவின் ஒலியழகு மதிப்பீட்டைக் குழப்புகிறதே, என்ன செய்வது?

குழப்பத்தான் செய்யும். நீண்ட எதிரொலி சேர்த்த பதிவில் யார் ஒரு சுரத்தைத் தட்டினாலும் கோவில் மண்டபத்தில் ஒலித்ததுபோல் கம்பீரமாக இருக்கும். சுமாரான பலகாரத்தில் நெய்யை ஊற்றிப் பரிமாறுவதைப் போன்றது அது. நான் கடைப்பிடிக்கும் எளிய உபாயம், ஆல்பத்தை ஒருமுறை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, மறுமுறை கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் குறைந்த ஒலியில் கேட்பது. எதிரொலியும் கீழ்ஸ்தாயியின் அதிர்வும் போய்விட்ட அந்த ஒலியிலும் மெட்டு தன்னைச் சொல்லிக்கொள்கிறதா, இரண்டு கைகளுக்கும் நடக்கும் பேச்சு புரிகிறதா என்று பார்க்கலாம். மங்கின் 1957ஆம் ஆண்டு ஆல்பமான ‘தெலோனியஸ் ஹிம்ஸெல்ஃப்’ ஒலியில் எந்த ஒப்பனையும் இல்லாதது; அதை எதில் போட்டுக் கேட்டாலும் ஒவ்வொரு சுரமும் எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. மணி ஐயர் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பதை வலியுறுத்தியவர் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது பொருத்தம்.

அன்றைய மனோதர்மத்தில் பிறந்திருந்தால்தான் கனமான ஜாஸ் ஆகுமா?

இல்லை. ஜாரெட்டின் ‘தி மெலடி அட் நைட், வித் யூ’ 1998இல் அவருடைய வீட்டிலேயே பதிவாகி 1999இல் வெளிவந்தது. பழைய பாடல்களையும் ஒன்றிரண்டு நாட்டுப்பாடல்களையும் எடுத்துக்கொண்டு, அவர் மெட்டை விட்டு அதிக தூரம் விலகாமல் வாசித்திருக்கிறார். நீண்ட கற்பனைப் பகுதிகள் கிடையாது. ஆயினும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சுரக்கூட்டை அவர் எப்படி வைக்கிறார், பழகிய திருப்பத்தைத் தள்ளிப்போட்டு எங்கே தருகிறார் என்பதில் முடிவெடுத்தல் நிறைந்திருக்கிறது. ஒரு கீர்த்தனையை நிரவலும் சுரமும் இல்லாமல் பாடி மனத்தை நிறைத்துவிடும் பாடகர்களை நாம் அறிவோம்.

மறுபுறம், முழுக்க மனோதர்மம் என்று பெயர்பெற்ற கொலோன் கச்சேரியின் கடைசிச் சிறு பகுதி, ஜாரெட் முன்பே இயற்றி வைத்திருந்த மெட்டு. அது அந்த ஆல்பத்தின் மிக அழகிய பகுதிகளில் ஒன்று. ஆகவே அப்போதே பிறந்ததா, முன்பே பிறந்ததா என்ற கேள்வி வரலாற்றுக்குப் பயன்படும். எடைபோட அவ்வளவு உதவாது.

கலைஞரின் நோய், துயரம் பற்றிய கதை தெரிந்தால் மதிப்பீடு மாறுமா?

மாறிவிடுகிறது, அதனால்தான் கவனம் வேண்டும். இப்போது சொன்ன ‘தி மெலடி அட் நைட்’ ஆல்பத்தை ஜாரெட் நெடுநாள் களைப்பு நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்தபோது வாசித்தார். 2018இல் இரண்டு முறை பக்கவாதம் தாக்கி அவருடைய இடக்கை செயலிழந்ததை அறிந்தவர்கள் அவருடைய பழைய பதிவுகளையே வேறு கனத்தோடு கேட்கிறார்கள். 2020இல் ஊரடங்கின்போது ஃப்ரெட் ஹெர்ஷ் வீட்டிலிருந்து வாசித்துத் தந்த தனிப் பியானோ ஆல்பத்தையும், பிராட் மெல்டாவ் அதே காலத்தைப் பற்றி இயற்றி வாசித்த தொகுப்பையும் அந்தக் காலத்தின் நினைவு இல்லாமல் கேட்பது நமக்கே கடினம்.

கதை நமக்குள் இரக்கத்தை எழுப்புகிறது. இரக்கத்தை இசையின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். எங்கள் கூட்டத்தில் இதற்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆல்பத்தைக் கொண்டுவருபவர் பெயர், ஆண்டு, அட்டைப்படம் எதையும் சொல்லாமல் முதலில் போட்டுக் காட்டுவார். பேசி முடித்த பிறகுதான் கதை. பெயர் தெரிந்ததும் தன் கருத்தை மாற்றிக்கொள்ள விரும்புபவர், இசையின் எந்த இடத்தை முன்வைத்து மாற்றுகிறார் என்று சொல்ல வேண்டும்.

கேட்டால் தூக்கம் வருகிறது. ஆல்பத்தின் குறையா?

வேலை முடிந்து இரவு பத்து மணிக்குக் கேட்டால் எதைக் கேட்டாலும் தூக்கம் வரும். காலையில் கேட்டுப் பாருங்கள்.

செயலிகளில் கிடைக்கும் அமைதிப் பியானோத் தொகுப்புகளும் இதே வகைதானா?

பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நோக்கம் வேறு. ஸ்பாட்டிஃபையில் ஓர் உருப்படி 30 விநாடி ஓடினாலே ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்காகிறது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்து அமைக்கப்படும் உருப்படிகள் குறுகியவையாகவும், தொடங்கியவுடனேயே மனநிலையைத் தந்துவிடுபவையாகவும், யாரும் திடுக்கிட்டு அடுத்ததற்குத் தாவிவிடாதவையாகவும் இருக்க நேர்கிறது. படிக்கும்போதும் சமைக்கும்போதும் பின்னணியில் ஓடவிட அவை போதும், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ‘பீஸ் பீஸ்’ உருப்படியின் நடுவில் வரும் முகம் சுளிக்கவைக்கும் இடம் இத்தகைய தொகுப்பில் இருக்க முடியாது. எனக்கோ அந்த இடத்துக்காகவே அந்த உருப்படி வேண்டியிருக்கிறது.

வாசிப்பவர் முனகுவதும் உடன் பாடுவதும் குறையல்லவா?

ஜாரெட்டின் பதிவுகளில் இது நிறையக் கேட்கும். சிலருக்குப் பொறுக்க முடிவதில்லை, அதை நான் மதிக்கிறேன். விரல் போகும் திசைக்குக் குரலும் போகிறது என்றால் மெட்டு அவருக்குள் பாட்டாகவே ஓடுகிறது என்று பொருள், ஆகவே நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழ் வம்சாவளியினர் யாரேனும் இந்தத் துறையில் இருக்கிறார்களா?

விஜய் ஐயர் இருக்கிறார். 1971இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதில் முறையாகக் கற்றது வயலின், பியானோ பெரும்பாலும் தானே பழகியது. அவருடைய தனிப் பியானோ ஆல்பமான ‘சோலோ’ 2010இல் வெளிவந்தது. மங்க், டியூக் எலிங்டன் ஆகியோரின் உருப்படிகளும் மைக்கேல் ஜாக்ஸன் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாடலும் அதில் உண்டு. முழுக்கத் தியானச் சாயல் கொண்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நிதானமான இடங்களில் அவருடைய இடக்கை சுரக்கூட்டை வெறுமனே விரித்துவைக்காமல் லயக் கணக்கோடு வாதிட்டுக்கொண்டே இருப்பதைக் கேட்கலாம். நம்மவர் என்பதற்காகக் கேட்கத் தொடங்குங்கள், நம்மவர் என்பதற்காக மதிப்பெண் போடாதீர்கள்.

எத்தனை முறை, எப்படிக் கேட்ட பிறகு கருத்துச் சொல்லலாம்?

முதல்முறை முழு ஆல்பத்தையும் நிறுத்தாமல் கேளுங்கள், ஏனென்றால் உருப்படிகளின் வரிசையும் கலைஞரின் முடிவுதான். நிதானமான ஏழெட்டு உருப்படிகளை அடுத்தடுத்து வைப்பது எளிதான காரியமில்லை. நான்காவதோ ஐந்தாவதோ வரும்போது ஏதேனும் ஒரு திருப்பம், கொஞ்சம் கடுமையான சுரக்கூட்டு, வேறொரு காலப்பிரமாணம் இல்லாவிட்டால் கேட்பவரின் கவனம் தானாகவே கழன்றுவிடும். இரண்டாம் முறை இடக்கையை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை உருப்படிகள் முடியும் இடங்களை மட்டும் கேளுங்கள். எப்படி முடிப்பது என்று தெரியாத வாசிப்பு, பெடலை மிதித்து ஒலி தேயும்வரை காத்திருந்து முடிந்துவிடும்; ஓரிரண்டு உருப்படியில் அது அழகு, எல்லாவற்றிலும் அப்படியே என்றால் நான் சந்தேகப்படுவேன்.

நடைமுறை விஷயம் ஒன்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் வீடுகளில் காற்றுக் காலத்தில் ஜன்னல் அடித்துக்கொள்ளும் ஓசையும் தென்னை ஓலையின் இரைச்சலும் நாள் முழுவதும் இருக்கும். மென்மையாக வாசிக்கப்பட்ட சுரத்தின் தேய்வு முழுவதும் அதில் கரைந்துபோகும். அந்தப் பருவத்தில் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டே கருத்துச் சொல்லுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிட்டால் நல்லது.

ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆன்மாவைத் தொட்டது, மெய்மறந்தேன் என்பவை உங்கள் நிலையைச் சொல்கின்றன. படிப்பவருக்கு ஆல்பத்தைப் பற்றி எதுவும் தெரிவிப்பதில்லை. எந்த உருப்படியில், ஏறக்குறைய எத்தனையாவது நிமிடத்தில், எந்தக் கை என்ன செய்தது என்று ஒரே ஓர் இடத்தையாவது குறிப்பிடுங்கள். கல்பாத்தித் தேர்த் திருவிழாவை ஒட்டி நடக்கும் சங்கீத உற்சவத்தில் கச்சேரி கேட்டுவிட்டு வீடு திரும்பும் ரசிகர்கள், தோடி நன்றாக இருந்தது என்பதோடு நிறுத்துவதில்லை. தைவதத்தில் நின்றாரே அந்த இடம், மேல் காந்தாரத்துக்கு அவசரப்படாமல் போனாரே அந்த இடம் என்று இடம் சுட்டிப் பேசுகிறார்கள். அதே கண்டிப்பு ஜாஸ் பற்றிய எழுத்துக்கும் வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அதையும் இடம் சுட்டியே எழுதுங்கள். அப்போதுதான் பிடித்தவர் அந்த இடத்தைத் திரும்பக் கேட்டுப் பதில் சொல்ல முடியும்.

எந்த வரிசையில் கேட்கத் தொடங்கலாம்?

‘பீஸ் பீஸ்’ உருப்படியில் தொடங்கி, ‘தி மெலடி அட் நைட், வித் யூ’ ஆல்பத்துக்குச் செல்லுங்கள். மெட்டு தெளிவாக இருப்பதால் அது புதியவரை மிரட்டாது. அதன் பிறகு கொலோன் கச்சேரியின் முதல் பகுதி. இந்த மூன்றும் பழகியவுடன் மங்கின் ‘தெலோனியஸ் ஹிம்ஸெல்ஃப்’ ஆல்பத்தைக் கேட்டால், இதம் என்ற ஒன்றைத் தேடாமலேயே நிதானம் எவ்வளவு கூர்மையாக இருக்க முடியும் என்று தெரியும். ‘ஓப்பன், டு லவ்’ ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை அது பிடிபடாமல் போகலாம். இரண்டு மாதம் விட்டு மறுபடி கேட்டு, அப்போதும் பிடிக்கவில்லை என்றால், எந்த இடத்தில் உங்களைக் கைவிட்டது என்று குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.